ஆங்கில நக்கலைப் பிடிப்பது எப்படி? ஜோகன்னஸ்பர்க் தம்பிக்கு டர்பனிலிருந்து ஒரு பதில்

கேள்வி: திருச்சியிலிருந்து வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்திருக்கிறேன். போன வாரம் காலைக் கூட்டத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். மேலாளர் சிரித்த முகத்தோடு "நைஸ் ஆஃப் யூ டு ஜாயின் அஸ்" என்றார். நானும் பணிவாக "தேங்க் யூ, மேம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். அறையே சிரித்தது. மதியம் ஒரு நண்பர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இங்கிலீஷ் எனக்கு நன்றாகத்தான் வரும். ஆனால் இவர்கள் எப்போது நிஜமாகச் சொல்கிறார்கள், எப்போது நக்கலடிக்கிறார்கள் என்று பிடிபடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது? நானும் அப்படிப் பேசப் பழகலாமா?

பதில்:

தம்பி, நான் டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். டர்பனில் வேலைக்கு வந்து சேருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் முடிந்த பிறகும் கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு நக்கல் தெரியாது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எழுந்து வருகிற மகனைப் பார்த்து நம் ஊர் அம்மா என்ன சொல்வார்? "வாங்க தொரை, அதுக்குள்ள எழுந்துட்டீங்களா? இன்னும் செத்த நேரம் படுக்கறது!" உங்கள் மேலாளர் சொன்னதும் அதேதான், அச்சுப் பிசகாமல். நம் அம்மா "நீ"யை "நீங்க" ஆக்கினாலே போதும், மகனுக்கு விஷயம் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. எல்லோருக்கும் ஒரே "யூ". அதனால் அவர்கள் மரியாதையை வேறு இடத்தில் ஏற்றுகிறார்கள். சாதாரண வாக்கியத்தில் திடீரென்று "சார்" வரும், "யுவர் ஹைனஸ்" வரும், முழுப்பெயர் வரும், இல்லையென்றால் அந்த இடத்துக்குப் பொருந்தாத அளவு உபசாரம் வரும். "வுட் ஹிஸ் லார்ட்ஷிப் லைக் பிரேக்ஃபாஸ்ட் இன் பெட்?" என்று இங்கே ஒரு தாய் கேட்டால், அது நம் "தொரை"யேதான். தேவைக்கு மேல் மரியாதை கிடைத்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி படித்திருப்பீர்கள். "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்" என்ற 1073-ஆவது குறள்தான் வழக்கமான எடுத்துக்காட்டு. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் நினைத்ததைச் செய்கிறார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 95-ஆம் பாட்டு. அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். ஔவையார் பார்த்துவிட்டு, உன் ஆயுதங்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் மிக்க மாளிகையில் இருக்கின்றன. எங்கள் அரசனின் வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். வசவுச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. நீ போரையே பார்த்ததில்லை என்பது மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு கேட்கிறது. இந்தப் பாட்டைப் புரிந்துகொண்டவருக்கு ஜோகன்னஸ்பர்க் அலுவலகத்து நக்கல் எம்மாத்திரம்?

அப்புறம் ஏன் கோட்டை விடுகிறோம்? நமக்குச் சொல்லித்தந்த சூத்திரம் தப்பு. "நக்கல் என்றால் சொல்வதற்கு நேர்மாறான அர்த்தம்" என்று படித்திருக்கிறோம். அதை உங்கள் கதையில் போட்டுப் பாருங்கள். "நைஸ் ஆஃப் யூ டு ஜாயின் அஸ்" என்பதற்கு நேர்மாறு என்ன? நீ வந்து சேர்ந்தது நல்லதல்ல என்றா? உங்கள் மேலாளர் அம்மாவுக்கு நீங்கள் வரவேண்டும், அதுவும் நேரத்துக்கு வரவேண்டும். ஆக, நேர்மாறு வேலைக்கு ஆகவில்லை.

மொழியியலில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் 1975-இல் வெளிவந்த கட்டுரையில், பேசுகிறவர் வெளிப்படையாகவே பொய் மாதிரி ஒன்றைச் சொன்னால், கேட்கிறவர் அதற்குப் பின்னால் உள்ள வேறு பொருளைத் தேடுவார் என்றார். 1981-இல் டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரி வில்சனும் ஒரு படி மேலே போனார்கள். நக்கலடிப்பவர் தன் கருத்தைச் சொல்வதில்லை. யாரோ சொன்னதையோ, நினைத்ததையோ, எதிர்பார்த்ததையோ எதிரொலிக்கிறார், அதே மூச்சில் அதிலிருந்து விலகியும் நிற்கிறார் என்றார்கள். இதை வைத்துப் பாருங்கள். "வந்ததற்கு மகிழ்ச்சி" என்று யாரிடம் சொல்வோம்? வரவேண்டிய கட்டாயம் இல்லாமல், நம் மேல் உள்ள பிரியத்தில் வந்த விருந்தாளியிடம். சம்பளம் வாங்கும் ஆளை விருந்தாளியாக நடத்தினால், நீ விருந்தாளி இல்லை என்பது தானாக உறைக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் தரும் கேள்வி ஒன்றுதான். இந்த வாக்கியம் உண்மையில் எந்த இடத்துக்கு உரியது, எந்த எதிர்பார்ப்பு இங்கே கவிழ்ந்தது? சனிக்கிழமை ப்ராய் (திறந்தவெளியில் இறைச்சி சுடும் விருந்து) போடலாம் என்று கரி, இறைச்சி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்கள். மழை கொட்டுகிறது. ஒருவர் ஜன்னலைப் பார்த்து "லவ்லி டே ஃபார் எ ப்ராய்" என்கிறார். வாரம் முழுக்க எல்லோரும் எதிர்பார்த்த வாக்கியம் அது. நண்பர் ஒருவர் சின்ன விஷயத்துக்கு நீண்ட முன்னுரை ஆரம்பிக்கிறார். பக்கத்தில் இருப்பவர் கம்பீரமான குரலில் "மை ஃபெலோ சவுத் ஆஃப்ரிகன்ஸ்" என்கிறார். கோவிட் காலத்தில் அதிபர் ராமபோசா தொலைக்காட்சியில் தோன்றி உரையைத் தொடங்கும் விதம் அது. அந்த உரைகளுக்கே மக்கள் "ஃபேமிலி மீட்டிங்" என்று பெயர் வைத்திருந்தார்கள். இதில் நேர்மாறான அர்த்தம் எங்கே இருக்கிறது? எதிரொலி மட்டும்தான். மூல ஒலியைக் கேட்காத ஆளுக்கு இந்த நக்கல் விளங்கவே விளங்காது. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. சில நேரம் உங்களுக்குக் குறைவது மொழி இல்லை தம்பி, ஊர்ச் சேதி.

இன்னொன்றும் இதிலிருந்து தெளிவாகும். மோசமானதைப் புகழ்வது எப்போதும் எடுபடும். நல்லதை இகழ்வது அப்படி எடுபடாது. மழையைப் பார்த்து "அருமையான நாள்" என்றால் எல்லோருக்கும் புரியும். வெயிலடிக்கிற நல்ல நாளைப் பார்த்து "என்ன மோசமான நாள்" என்றால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், மழை வரும் என்று முன்பே யாராவது பயமுறுத்தியிருந்தால் ஒழிய. டர்பன்காரர் ஹஷிம் ஆம்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-இல் கொல்கத்தாவில் முதல் டெஸ்ட் ஆடிய புதிதில் மட்டையை அவர் பின்னால் தூக்கும் விதத்தையே குறை சொன்னார்கள், இவர் தேறமாட்டார் என்றார்கள். 2012-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் ஆட்டமிழக்காமல் 311 அடித்தார். தென்னாப்பிரிக்கர் ஒருவரின் முதல் டெஸ்ட் முச்சதம். அன்று யாராவது "ஷேம், த கை கான்ட் பேட்" என்றிருந்தால் அது பிரமாதமான நக்கல். முன்பு குறை சொன்னவர்கள் இருந்ததால்தான் அது நக்கல். அவர்கள் இல்லாவிட்டால் வெறும் உளறல்.

சரி, கிட்டே நின்று ஒன்றைப் பார்ப்போம். துனி என்று இங்கே ஒரு சீட்டாட்டம் உண்டு. டர்பன் இந்தியர் வீடுகளில் கல்யாணம், பிறந்தநாள் எதுவானாலும் கொல்லைப்பக்கம் ஒரு துனி மேசை இருக்கும். 24 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஜாக்தான் பெரிய சீட்டு, அதற்கடுத்தது ஒன்பது. கையில் நல்ல சீட்டு வந்தவர் "துனி" என்று கூப்பிட்டால் ஆறு சுற்றையும் தானே ஜெயித்துக் காட்டவேண்டும். ஒன்று போனாலும் போச்சு. எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் ஒருநாள் மேசையைத் தட்டி அதைக் கூப்பிட்டான். எதிரே கூட்டாளியாக என் கணவரின் மாமா. முதல் இரண்டு சுற்று ஜோராகப் போனது. மூன்றாவதில் டைமண்ட் ஒன்பதை ஓங்கி அடித்தான். பக்கத்தில் இருந்தவர் சத்தமே இல்லாமல் டைமண்ட் ஜாக்கை வைத்தார்.

மாமா கையில் இருந்த சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெரி குட், மை பாய். வெரி குட். யூ மஸ்ட் கிவ் கிளாசஸ்." முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பையன் ஒரு விநாடி அசடு வழிந்தான். பிறகு "மண்டேஸ் அண்ட் தர்ஸ்டேஸ், அங்கிள். ஃபேமிலிக்கு டிஸ்கவுண்ட்" என்றான். மேசையே அதிர்ந்தது.

"துனி" என்று கூப்பிட்டதே ஒரு சவால், நான் கெட்டிக்காரன் என்ற அறிவிப்பு. மாமா அதைத்தான் திருப்பிப் படித்தார்: இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கிறாய், வகுப்பெடுக்கலாமே. சீட்டை அடுக்கியதும் கண்ணாடியைத் துடைத்ததும் வெறும் பழக்கமில்லை. நக்கல் வரப்போகிறது என்று சபையைத் தயார்படுத்துகிற நேரம் அது. இன்னொன்று, அவர் பையனுக்கு எதிராளி இல்லை, கூட்டாளி. தோற்றதில் அவருக்கும் பங்கு உண்டு. அதனால்தான் அது வலிக்கவில்லை. எதிராளி அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அன்று சாப்பாடு அவ்வளவு சுகமாக இறங்கியிருக்காது.

குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் நக்கல் பேச்சு பொதுவாகத் தாழ்ந்த சுருதியில், மெதுவாக, முக்கியச் சொல்லை இழுத்து வரும் என்று ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். "கிரேட்" என்பது நிஜமாகச் சொன்னால் துள்ளும். நக்கலாகச் சொன்னால் "கிரேஏஏட்" என்று தரையைத் தொடும். ஆனால் இது எல்லா மொழிக்கும் பொது இல்லை. சியாங், பெல் என்ற இருவர் 2009-இல் ஆங்கிலத்தையும் கான்டனீஸ் மொழியையும் ஒப்பிட்டபோது, ஆங்கிலத்தில் சுருதி இறங்குகிறது, கான்டனீஸில் ஏறுகிறது என்று கண்டார்கள். நம் தமிழிலும், என் காதுக்குப் பட்டவரை, "ஆமாமா, பெரிய கலெக்டர்!" என்று குரல் ஏறித்தான் போகிறது. அதனால் நம் காது ஏறும் குரலுக்குக் காத்திருக்கிறது, ஆங்கிலக்காரர் இறக்கிப் பேசிவிட்டுப் போய்விடுகிறார். ஆங்கிலத் தொடர் பார்க்கும்போது திரையின் கீழே ஓடும் வசன எழுத்தை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் பிடிக்கப் பழகுங்கள். கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, குரலும் மாறாமல் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் குரல் உதவாது, மேலே சொன்ன கேள்விதான் கதி.

சில வாக்கிய அச்சுகள் பெரும்பாலும் நக்கலுக்கென்றே வார்த்தவை. இவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. "பிக் டீல்" என்று தனியாக வந்தால் பெரிய விஷயம் என்ற அர்த்தமே கிடையாது, "ரொம்ப முக்கியம்!" என்று நாம் உதட்டைச் சுழிப்போமே, அது. "ஆஸ் இஃப்" என்றால் நடக்கிற கதையா என்று பொருள். "யா, ரைட்" என்று இரண்டு சம்மதச் சொல் சேர்ந்து வந்தால் மறுப்பு. "லைக் ஹி கேர்ஸ்" என்றால் அவனுக்கென்ன அக்கறை. "குட் லக் வித் தட்" என்றால் நடக்காது, போய் முட்டிக்கொள். "டெல் மீ அபவுட் இட்" என்றால் எதுவும் சொல்லவேண்டாம், எனக்கும் அதே பாடுதான். இதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து முழுக்கதையும் சொன்ன ஒரு மாணவரை எனக்குத் தெரியும். "தேங்க்ஸ் எ லாட்" இரண்டுக்கும் ஓடும், குரலைப் பார்க்கவேண்டும். "தேங்க் யூ வெரி மச்" தனியாக வந்தால் நன்றி. "ஐ வாஸ் ஃபைன் வேர் ஐ வாஸ், தேங்க் யூ வெரி மச்" என்று வாலில் வந்தால் எரிச்சல்.

தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவர்கள் இன்னொரு பள்ளத்திலும் விழுவார்கள். நக்கலே இல்லாததை நக்கல் என்று எடுத்துக்கொள்வது. என்னைக் கேட்டால் முந்தையதைவிட இதுதான் அதிகம் மனக்கசப்பை உண்டாக்குகிறது.

"ஷேம்" என்ற சொல். இந்தியாவில் படித்த ஆங்கிலத்தில் இது வெட்கக்கேடு. இங்கே அது அனுதாபம், பாசம், "ஐயோ பாவம்", "அடடா செல்லம்" எல்லாம் சேர்ந்தது. உங்களுக்குக் காய்ச்சல் என்றால் "ஷேம்". கைக்குழந்தையைக் காட்டினாலும் "அக், ஷேம்!" பிள்ளையைப் பார்த்து வெட்கக்கேடு என்கிறாளே என்று மனசு உடைந்துபோன புது அம்மாக்கள் உண்டு. அப்புறம் "இஸ் இட்?" நீங்கள் "நேற்றுதான் ஊரிலிருந்து வந்தேன்" என்றால் "இஸ் இட்?" என்பார்கள். சந்தேகமோ சவாலோ இல்லை, நாம் "அப்படியா?" என்கிறோமே அதுதான், இங்குள்ள ஆஃப்ரிகான்ஸ் மொழியின் "இஸ் டிட்?" பழக்கம். "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போதே என்று எடுத்துக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். இங்கே அது "அப்புறம் பார்க்கலாம்" வகை. "நவ் நவ்" என்றால்தான் கொஞ்சம் கிட்டத்தில். ஐந்து மணிக்குத் தருகிறேன் என்று சொன்ன ஆள் "ஜஸ்ட் நவ்" என்று இழுப்பதைக் கேட்டு, கிண்டல் பண்ணுகிறான் என்று கோபப்படத் தேவையில்லை. நீங்கள் படியில் இடறினால், தள்ளி நிற்கிற ஆள் "சாரி" என்பார். அவர் தள்ளிவிடவில்லை, குத்தலும் இல்லை. வலித்ததா என்ற பரிவு. "யா, நோ" என்று ஆரம்பித்தால் ஆமாம் என்றுதான் பொருள். "யா வெல் நோ ஃபைன்" மட்டும் கொஞ்சம் நக்கல் பக்கம் சாய்ந்தது, "என்னமோ போ, என்ன செய்ய" என்கிற அலுப்பு.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஆட்களின் ஆங்கிலம் தனி ரகம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்து சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்தாறு தலைமுறை ஓடிவிட்டது. பெரும்பாலான வீடுகளில் பேச்சு இப்போது ஆங்கிலம்தான். ஆனால் நக்கலின் ருசி தஞ்சாவூர் ருசியாகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒல்லியாக வந்து நிற்கிற பையனிடம் "ஹவுஸ்ல அடுப்பு இருக்கா, இல்ல வித்துட்டீங்களா?" என்ற அர்த்தத்தில் ஓர் ஆண்ட்டி ஆங்கிலத்தில் கேட்பார், கேட்டுக்கொண்டே தட்டில் இரண்டாவது கரண்டி விழும். விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குப் போனால், காரமான மசாலாக் குவியலின் மேல் "மதர் இன் லா எக்ஸ்டெர்மினேட்டர்" என்று அட்டை செருகியிருக்கும். மாமியார்களே நின்று நிறுத்து வாங்கிப்போகிறார்கள். இங்கே யாராவது உங்களைக் கிண்டலடித்தால் பெரும்பாலும் உங்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒதுக்குகிறவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள்.

இனி, நீங்கள் பேசலாமா என்ற கேள்வி. பேசலாம். ரேமண்ட் கிப்ஸ் கலிஃபோர்னியாவில் கல்லூரி நண்பர்களின் பேச்சைப் பதிவுசெய்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றில் எட்டுப் பேச்சு ஏதோ ஒரு வகையில் இப்படிப்பட்டதுதான் என்று கண்டார். கேலி, குத்தல், மிகைப்படுத்தல், விடை வேண்டாத கேள்வி, வேண்டுமென்றே குறைத்துச் சொல்வது எல்லாம் அதில் சேர்த்தி. அந்த எட்டுப் பேச்சில் ஒன்றைக்கூடப் பேசாதவர் கொஞ்சம் விறைப்பாகத் தெரிவது உண்மைதான்.

ஆனால் முதலில் ஆளை விட்டுவிட்டு நிலைமையை அடியுங்கள். மழை, வரிசை, போக்குவரத்து, பழுதான லிஃப்ட், காபி மெஷின். மின்வெட்டு இந்த நாட்டின் நக்கலுக்கே பயிற்சிக்கூடம். 2007 கடைசியில் ஆரம்பித்த லோட் ஷெடிங், 2023-இல் உச்சத்துக்குப் போனது. கூட்டத்தின் நடுவே விளக்கு அணைந்ததும் "ஆ, ரொமான்டிக்" என்று ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். மின்வெட்டு நேரத்தைச் சொல்ல மக்கள் இறக்கிக்கொண்ட செயலி எஸ்காம்செபுஷ் (எஸ்காம் என்பது இந்த நாட்டின் மின்வாரியம்). அந்தப் பெயரே ஆஃப்ரிகான்ஸ் கெட்டவார்த்தை ஒன்றைத் தொட்டு வைத்த சிலேடை; அதற்குமேல் விளக்கமாட்டேன், அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட நிலைமைகளை எல்லோரும் ஒரே பக்கம் நின்று அனுபவிக்கிறார்கள். அங்கே உங்கள் "வாட் எ சர்ப்ரைஸ்" யாரையும் குத்தாது, நீங்களும் கூட்டத்தில் ஒருவராகிவிடுவீர்கள்.

அடுத்த படி, உங்களையே அடித்துக்கொள்வது. நீங்கள் எழுதிய புரோகிராம் படுத்ததும் "ஆஸ் யூ கேன் சீ, ஐ ஆம் அன் எக்ஸ்பெர்ட்" என்று நீங்களே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. இதை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர் தினமும் தன்னையே மட்டம் தட்டினால், சிலர் அதை உண்மை என்று குறித்துக்கொள்வார்கள். மூன்றாவதுதான் சக ஊழியர்கள், அதுவும் நட்பு ஏற்பட்ட பிறகு. ஹுவாங், ஜினோ, கலின்ஸ்கி என்ற மூவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: நக்கல் கேட்பவரின், பேசுபவரின் படைப்புச் சிந்தனையைக் கூட்டுகிறது, ஆனால் நம்பிக்கை இருக்கிற இருவருக்குள் என்றால்தான் சண்டை மூளாமல் இருக்கிறது.

மேலாளரிடம் வேண்டாம், அவர் உங்களிடம் பேசினாலும். உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடமும் வேண்டவே வேண்டாம். காவலாளி, துப்புரவு செய்யும் அம்மா, கல்லாவில் இருக்கும் பெண் யாராவது தவறு செய்தால் நேரடியாகச் சொல்லுங்கள். இந்த நாட்டில் ஒரு காலத்தில் யார் யாரை எந்தத் தொனியில் அதட்டினார்கள் என்ற நினைவு இன்னும் ஆறாமல் இருக்கிறது. நீங்கள் விளையாட்டாகச் சொன்னது அந்தப் பழைய தொனியில் போய் விழும். தவிர, 2022 கணக்கெடுப்பில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் 8.7 சதவீதம்தான், ஐசிசூலு என்கிற ஜூலு மொழி 24.4 சதவீதம். உங்களோடு ஆங்கிலம் பேசுகிற பெரும்பாலோருக்கு அது இரண்டாவதோ நான்காவதோ மொழி. நீங்கள் அந்த மேலாளரிடம் முழித்த மாதிரி அவர்கள் உங்களிடம் முழிப்பார்கள்.

எழுத்தில் செய்வதாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கலஸ் எப்லியும் மற்றவர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சில வாக்கியங்களை நிஜமாகவும் சிலவற்றை நக்கலாகவும், குரலிலும் மின்னஞ்சலிலும் சொல்லி அனுப்பச் சொன்னார்கள். கேட்பவர்கள் முக்கால்வாசிக்கு மேல் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் ஏறக்குறைய அப்படியே கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம். காசு சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல். எழுதுகிறவர் தலைக்குள் தன் குரலைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறார், படிப்பவருக்கு அந்தக் குரல் போய்ச் சேர்வதில்லை. வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்குள் ஒரு தலைகீழ்ச் சிரிப்பு முகம் போட்டுச் சமாளிக்கலாம். அலுவலக மின்னஞ்சலில் நக்கல் எழுதாதீர்கள். உங்களுக்கு வருகிறவற்றில் "ஆஸ் பெர் மை லாஸ்ட் ஈமெயில்" என்று இருந்தால், அது பெரும்பாலும் முந்தையதைப் படிக்கவில்லையா என்ற பல்லைக் கடிக்கும் கேள்வி. ஒரு வரியில் உரிய பதிலைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

யாராவது உங்கள் மேல் நக்கலை வீசினால் என்ன செய்வது? துனி மேசைப் பையன் செய்ததுதான் மிகச் சிறந்தது: அதை உண்மை மாதிரியே எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி தூக்கிவிடுவது. அது வர நாளாகும். அதுவரை, சொல்லுக்குப் பதில் சொல்லாமல் உள்ளே இருக்கும் சேதிக்குப் பதில் சொல்லுங்கள். தாமதத்தைக் குத்தினால் "சாரி ஐ ஆம் லேட்" போதும். ஒரு சின்னச் சிரிப்போடு என்றால் இன்னும் நல்லது. நக்கலா நிஜமா என்றே தெரியாவிட்டால் "சீரியஸ்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடலாம். இந்த ஊரில் அது தாராளமாகப் புழங்குகிற கேள்வி, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். குத்தல் அளவு மீறித் தினமும் வந்தால், எல்லோர் எதிரிலும் வேண்டாம், தனியாக அழைத்து "வாட் டிட் யூ மீன் பை தட்?" என்று அமைதியாகக் கேளுங்கள். நக்கலை விளக்கச் சொல்லும்போது அதன் பல் விழுந்துவிடும்.

நீங்கள் சொன்னது எடுபடாமல் எதிரே இருப்பவர் முகம் வாடிவிட்டால், "ஜோக்குதானே, இதுக்குப் போய்!" என்ற வழக்கமான சமாளிப்பு வேண்டாம்; அது காயத்தின் மேல் இன்னொன்று. "ஐ வாஸ் ஜோக்கிங், பேட் ஒன், சாரி" என்று உடனே சொல்லிவிட்டு, சொல்லவந்த விஷயத்தை நேரான வாக்கியத்தில் திரும்பச் சொல்லுங்கள்.